அரசுப் பள்ளி மன்றங்கள்: சுற்றறிக்கை இருக்கிறது, பாடவேளை எங்கே?

தமிழ்நாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் பெயரில் எத்தனை மன்றங்கள் இருக்கின்றன என்று எண்ண ஆரம்பித்தால், எண்ணிக்கை பத்தை எளிதாகத் தாண்டும். தமிழ் இலக்கிய மன்றம், கணித மன்றம், அறிவியல் மன்றம், தொன்மைப் பாதுகாப்பு மன்றம், நுகர்வோர் மன்றம், சாலைப் பாதுகாப்பு மன்றம், தேசிய பசுமைப் படை, ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்), சில பள்ளிகளில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை). ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாசிரியர் உண்டு, ஒரு பதிவேடு உண்டு. ஆனால் விழாவும் ஆய்வும் இல்லாத ஒரு சாதாரண வாரத்தில் இவற்றில் எத்தனை கூடுகின்றன? பல பள்ளிகளில் ஒன்றோ இரண்டோ, சில பள்ளிகளில் அதுவும் இல்லை.

இதற்கு ஆசிரியர்களின் அக்கறையின்மைதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை, எல்லோரும் செல்போனில் மூழ்கிவிட்டார்கள் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் நான் ஏற்கவில்லை. மன்றம் நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பொறுத்தது: பாடவேளை அட்டவணையில் அதற்கு இடம் இருக்கிறதா, பொறுப்பாசிரியருக்கு நேரம் இருக்கிறதா, மாலையில் பிள்ளைகள் வீடு போய்ச் சேரப் பேருந்து இருக்கிறதா. பெயர்களுக்கும் திட்டங்களுக்கும் நம்மிடம் ஒருபோதும் குறைவு இருந்ததில்லை.

இந்த அமைப்புகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொரு காலமும் தன் கவலைக்கு ஏற்ப ஒன்றைக் கொண்டுவந்து பள்ளியில் விட்டுப் போயிருக்கிறது. சாரணர் இயக்கம் 1909இல் இந்தியாவுக்கு வந்தபோது, அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு மட்டுமே இருந்தது. இந்தியச் சிறுவர்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் கதவடைப்பை ஏற்காமல், பிரம்மஞான சபையைச் சேர்ந்த அன்னி பெசன்ட்டும் ஜார்ஜ் அருண்டேலும் 1910களில் சென்னையில் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே தனிச் சாரணர் சங்கம் தொடங்கினார்கள். சாரணர் இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் 1921இல் இந்தியா வந்த பிறகுதான் இணைப்பு முயற்சிகள் நடந்தன. இன்று நாம் பார்க்கும் பாரத சாரண சாரணியர் இயக்கம், பல பிரிவுகள் ஒன்றாகி 1950 நவம்பர் 7இல் உருவானது. நீலக் கழுத்துத் துணியோடு காலை வணக்கக் கூட்டத்தில் நிற்கும் ஒரு பிள்ளைக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது. அதை யாராவது அந்தப் பிள்ளைக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

என்.சி.சி. 1948இல் சட்டம் மூலம் வந்தது. புதிதாக விடுதலை பெற்ற நாட்டின் பாதுகாப்புக் கவலை அதில் தெரிகிறது. காந்தி நூற்றாண்டான 1969இல் என்.எஸ்.எஸ். பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் வந்தது 1978இல். 1985 முதல் என்.எஸ்.எஸ். நாட்டின் மேல்நிலை வகுப்புகளுக்கும் விரிந்தது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் கணக்கு. சுற்றுச்சூழல் பற்றிய பேச்சு வலுத்தபோது, 2001இல் தேசிய பசுமைப் படை வந்தது. சாலை விபத்துகள் பெருகியபோது சாலைப் பாதுகாப்பு மன்றம். கலப்படமும் எடைக் குறைவும் பேசப்பட்டபோது நுகர்வோர் மன்றம்.

கவனித்தால் ஒன்று புரியும். புதியது வரும்போது பழையது எதுவும் போகவில்லை. பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது, பள்ளி நேரமோ அப்படியே இருக்கிறது. ஒரே ஆசிரியர் மூன்று மன்றங்களுக்குப் பொறுப்பு என்பது சிறிய பள்ளிகளில் சர்வசாதாரணம். அவர் எதை நடத்துவார்? மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்கும் மன்றத்தை நடத்துவார். அதில் தவறு காண முடியாது.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்தபோது இந்தக் காட்சி கொஞ்சம் மாறியது. 2022–23 கல்வியாண்டில் பள்ளிக் கல்வித் துறை மன்றச் செயல்பாடுகளைப் புதுப்பித்தது. இலக்கிய மன்றம், வினாடி வினா மன்றம், சிறார் திரைப்பட மன்றம் ஆகியவை நடுநிலை, உயர்நிலை வகுப்புகளுக்கு வந்தன. மாதம் ஒரு படம் திரையிட வேண்டும், அப்புறம் அதைப் பற்றிப் பிள்ளைகள் பேச வேண்டும் என்பது உண்மையிலேயே நல்ல யோசனை. அதே ஆண்டு நவம்பர் 28இல் வானவில் மன்றம் திருச்சியில் தொடங்கப்பட்டது. கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் அறிவியல் சோதனைப் பொருள்களோடு பள்ளி பள்ளியாகப் போய், 6 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் செய்துகாட்டுவார்கள், பிள்ளைகளையும் செய்யவைப்பார்கள். 13,210 அரசுப் பள்ளிகள் இதன் இலக்கு. ஆய்வகமே இல்லாத நடுநிலைப் பள்ளிக்கு ஒரு பெட்டியாவது வந்து சேர்கிறது. இது சிறிய விஷயமில்லை.

பிறகு கலைத் திருவிழா. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று ஏறிப் போகும் போட்டிகள். பறை, ஒயிலாட்டம், கரகம், தெருக்கூத்து, பலகுரல், ஓவியம், களிமண் சிற்பம், இசைக்கருவி என்று பட்டியல் பெரியது. மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டங்கள், வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலா. 2024இல் மகிழ் முற்றம் என்ற பெயரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். கான்வென்ட் பள்ளிகளில் பச்சை, சிவப்பு, நீலம் என்று நெடுங்காலமாக இருந்த முறை இது. அரசுப் பள்ளிக்கு வரும்போது ஐந்திணைப் பெயர்களோடு வந்தது எனக்கு மிகவும் பிடித்தது.

கலைத் திருவிழாவின் பெரிய நன்மை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பறையடிப்பதும் கூத்துக் கட்டுவதும் பல குடும்பங்களில் பள்ளியிடம் மறைக்கப்பட்ட விஷயங்களாக இருந்தன. அப்பா சாவுக்கு மேளம் அடிப்பவர் என்று சொல்லத் தயங்கிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அதே கலையைப் பள்ளிக்கூடமே மேடையேற்றிச் சான்றிதழ் கொடுக்கும்போது வகுப்பில் அந்தப் பிள்ளையின் இடம் மாறுகிறது. இதை எந்த மதிப்பெண்ணாலும் செய்ய முடியாது.

ஆனாலும் இங்கேதான் என் முக்கியமான வருத்தமும் இருக்கிறது. போட்டி நடத்துவது சுலபம், மன்றம் நடத்துவது கடினம். போட்டிக்குத் தேதி இருக்கிறது, நடுவர் இருக்கிறார், கல்வித் துறையின் எமிஸ் இணையத்தளத்தில் பெயர் ஏற்ற வேண்டிய கடைசி நாள் இருக்கிறது. அதனால் போட்டி எப்படியும் நடந்துவிடும். மன்றத்துக்கு அப்படி ஒரு கெடு கிடையாது. வாரந்தோறும் கூட வேண்டும், கூடினால் யாருக்கும் எந்தப் பரிசும் கிடைக்காது. பள்ளியில் ஏற்கனவே நன்றாக ஆடும் நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து இரண்டு வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பினால், பதிவேட்டில் கலைச் செயல்பாடு சிறப்பாக நடந்ததாகவே இருக்கும். மீதி நானூறு பிள்ளைகள் அன்று கைதட்டினார்கள், அவ்வளவுதான். அதிலும் பல இடங்களில், வெளியே காசு கொடுத்து நடனமோ பாட்டோ கற்றுக்கொள்ளும் பிள்ளைதான் தேர்வாகிறது. பள்ளி எதையும் சொல்லிக்கொடுக்காமலேயே பரிசு வந்துவிடுகிறது.

இலக்கிய மன்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கும் மேடைக்கும் பெயர் போன மாநிலம் இது. பள்ளிப் பேச்சுப் போட்டியில் தொடங்கி அரசியல் மேடைக்கு வந்தவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவருக்குத் தமிழ் வளர்ச்சித் துறை பரிசே தருகிறது. இதெல்லாம் நல்லதுதான். ஆனால் ஒப்பிப்பதும் பேசுவதும் ஒன்றில்லை. ஆசிரியர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்து, கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, மூன்று நிமிடத்தில் முடிக்கும் பேச்சுதான் பெரும்பாலான போட்டிகளில் பரிசு வாங்குகிறது. வாரம் ஒருமுறை கூடும் மன்றத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, தான் பார்த்த ஒரு படத்தைப் பற்றித் திக்கித் திணறி ஐந்து வாக்கியம் சொல்லும். பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி, “ஏன் அப்படிச் சொல்றே?” என்று கேட்பாள். பதில் யோசிக்க வேண்டியிருக்கும். பேச்சு அங்கேதான் பிறக்கிறது. வகுப்பறையில் ஒரே வயதுக்காரர்கள்தான் இருப்பார்கள், அங்கே இது நடக்க வழியில்லை. வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும் ஒரே இடம் மன்றம்தான்.

இனி நேரத்துக்கு வருவோம். நகரத்துத் தனியார் பள்ளியில் மாலை வகுப்பு முடிந்ததும் கராத்தே, கீபோர்டு, சதுரங்கம் என்று ஒரு மணி நேரம் ஓடும். தனிக் கட்டணம், பள்ளி வேன், இல்லையென்றால் அழைத்துப் போக அப்பாவின் பைக். அரசுப் பள்ளியில் மாலை நாலேகாலுக்கு மணி அடித்தால், பக்கத்து ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு நாலரை மணி டவுன் பஸ்தான் வழி. பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் அதை விட்டால் அடுத்த பஸ் ஆறரைக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பெண் பிள்ளை இருட்டிய பிறகு வருவதை எந்த வீடும் விரும்பாது. காலையில் சீக்கிரம் வரச் சொன்னால், வீட்டில் தண்ணீர் பிடிக்கவும் தம்பியைக் கிளப்பவும் அந்தப் பிள்ளைதான் இருக்கிறது. ஆகவே கிராமத்துப் பள்ளியில் மன்றம் நடக்க வேண்டுமென்றால் பள்ளி நேரத்துக்குள்ளேதான் நடக்க வேண்டும். மாலையில் நடத்தப்படும் எந்தச் செயல்பாடும் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும், பெரும்பாலும் பையன்களுக்கும் மட்டுமே போய்ச் சேரும்.

பள்ளி நேரத்துக்குள் என்றால் பாடவேளை வேண்டும். இங்கே என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார், ஓவியப் பாடவேளையை ஆங்கில ஆசிரியர் வாங்கிக்கொள்வார். 2023இல் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின், விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் கடன் வாங்க வேண்டாம் என்று சட்டமன்றத்திலேயே கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் அவையில் சொல்ல வேண்டிய அளவுக்கு இது ஊறிப்போன வழக்கம். அந்த ஆசிரியர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். தேர்ச்சி விகிதம் குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவர்களிடம்தான். இலக்கிய மன்றம் நடக்கவில்லை என்று இதுவரை யாரிடமாவது விளக்கம் கேட்டிருப்பார்களா?

ஆசிரியர் பிரச்சினை இன்னும் ஆழமானது. ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்றவற்றுக்காக 2012இல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. தொகுப்பூதியம் பின்னர் 10,000 ஆகி 12,500 ஆனது. ஆனால் பணிநிரந்தரக் கோரிக்கை பத்தாண்டுகளைக் கடந்தும் போராட்டமாகவே தொடர்ந்தது. ஒரு பள்ளியின் பாட்டும் ஓவியமும் விளையாட்டும் யாரை நம்பி இருக்கின்றனவோ, அவர்களைத்தான் நாம் மிகக் குறைந்த ஊதியத்தில், நாளை இருப்போமா என்ற நிச்சயமின்மையில் வைத்திருக்கிறோம். கலைத் திருவிழா மேடையில் ஆடும் பிள்ளைக்குப் பின்னால் இருப்பவர் பல இடங்களில் இவர்களில் ஒருவர்தான். மேடைக்குச் செலவழிக்கும் அக்கறையில் ஒரு பங்கு இவர்களுக்கும் போயிருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான நிலையும் உலகில் உண்டு. ஜப்பான் பள்ளிகளில் ‘புகாட்சு’ என்ற மன்ற முறை மிக வலுவானது. பிள்ளைகள் நாள்தோறும் மாலையிலும், பல இடங்களில் வார இறுதியிலும் கூடிப் பயிற்சி செய்வார்கள். முழுப் பொறுப்பும் வகுப்பு எடுக்கும் அதே ஆசிரியர்களுக்குத்தான். விளைவு என்ன? 2018இல் ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு நடத்திய பன்னாட்டு ஆசிரியர் ஆய்வில், ஜப்பானின் கீழ்நிலை உயர்பள்ளி (நம் 7 முதல் 9ஆம் வகுப்பு போன்றது) ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பது தெரிந்தது. ஆய்வில் பங்கேற்ற நாடுகளின் சராசரி 38.3. மன்றம் போன்ற பாடத்துக்கு வெளியேயான பணிகளுக்கு மட்டும் அவர்கள் 7.5 மணி நேரம் செலவழித்தார்கள், சராசரி 1.9. அதே ஆண்டு ஜப்பான் அரசின் விளையாட்டு முகமை, வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு, வேலை நாளில் சுமார் இரண்டு மணி நேரம், விடுமுறை நாளில் சுமார் மூன்று மணி நேரம் என்று வரம்பு போட்டது. 2023 முதல் வார இறுதி மன்றங்களைப் பள்ளியிடமிருந்து உள்ளூர் அமைப்புகளுக்கு மாற்றும் வேலை தொடங்கியது. நம்மிடம் மன்றம் நடக்கவில்லை என்று கவலை, அவர்களிடம் மன்றம் ஓயவே இல்லை என்று கவலை. இரண்டிலும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: பாடம் நடத்தும் ஆசிரியரின் சொந்த நேரத்தை நம்பி ஒரு முறையைக் கட்டலாமா? கட்டினால் ஒன்று அது இங்கே போல நின்றுபோகும், இல்லையென்றால் அங்கே போல ஆசிரியரைத் தின்றுவிடும்.

சரி, நடக்கும் மன்றங்கள் எப்படி நடக்கின்றன? ராமநாதபுரம் அருகே திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் பற்றிச் செய்தித்தாள்களில் பலமுறை வந்திருக்கிறது. அங்கே பிள்ளைகள் பழைய எழுத்துகளைப் படிக்கக் கற்றார்கள், கல்வெட்டுகளைப் பார்க்கப் போனார்கள், ஊரைச் சுற்றிக் கிடக்கும் பானை ஓடுகளையும் கூரை ஓடுகளையும் அடையாளம் காணப் பழகினார்கள். இதே மன்றம் காகிதத்தில் மாநிலமெங்கும் இருக்கிறது. திருப்புல்லாணியில் மட்டும் என்ன வேறு? ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் பல ஆண்டுகள் அதே வேலையைத் தொடர்ந்தார். படிக்க வேண்டிய பொருள் ஊரிலேயே, காலுக்கடியில் கிடந்தது. பரிசு கொடுக்க யாரும் இல்லாதபோதும் அது நடந்தது. இந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அது மன்றமாக நின்றது. அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் என்ன ஆகும் என்பதுதான் இப்படிப்பட்ட எல்லா மன்றங்களின் பலவீனம். கலந்தாய்வில் ஓர் ஆசிரியர் இடம் மாறும்போது அவருடைய பாடத்துக்கு அடுத்தவர் வந்துவிடுவார், மன்றத்துக்கு யாரும் வருவதில்லை.

பள்ளிக்கு வெளியேயிருந்து வந்து நிலைத்த ஒன்றும் இருக்கிறது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம், 1987 முதல் துளிர் மாத இதழை நடத்திவருகிறது. துளிர் இல்லங்கள், துளிர் வினாடி வினா, அப்புறம் 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. அந்த மாநாட்டுக்குப் போகும் பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் ஒரு பிரச்சினையை எடுத்து மாதக்கணக்கில் ஆராய வேண்டும். எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரில் என்ன இருக்கிறது, எங்கள் ஏரியில் எத்தனை வகைப் பறவை வருகிறது என்பது போன்ற கேள்விகள். இதுவும் ஒருவகையில் போட்டிதான். ஆனால் மாதக்கணக்கில் வேலை செய்யாமல் இதில் கலந்துகொள்ளவே முடியாது என்பதால், தோற்கும் பிள்ளைக்கும் அந்த மாதங்கள் மிச்சம். கலைத் திருவிழாவை வடிவமைப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மேடையேறிய ஐந்து நிமிடத்துக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், அந்தப் பள்ளியில் ஆண்டு முழுவதும் எத்தனை பிள்ளைகள் அந்தக் கலையைப் பழகினார்கள் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பெற்றோர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். என்.சி.சி.யில் சேர வீட்டில் பெரிதாக எதிர்ப்பு வராது. போலீஸ் தேர்வில் என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்குச் சிறப்பு மதிப்பெண் உண்டு என்பது ஊருக்கே தெரியும். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் தனியாக இருக்கின்றன. குறுவட்டப் போட்டியில் ஓடிய பிள்ளையை மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் அனுப்ப ஓர் அப்பா கடன் வாங்குகிறார் என்றால், இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருப்பதும் ஒரு காரணம். ஏழை வீட்டில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. அதனால் “இதனால என்ன பிரயோஜனம்?” என்று அவர்கள் கேட்பதைக் குறுகிய புத்தி என்று சொல்லக் கூடாது. இலக்கிய மன்றத்துக்கும் திரைப்பட மன்றத்துக்கும் காட்ட அப்படி ஒரு சான்றிதழ் இல்லை. அவை பாடவேளைக்குள் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது என்பது இன்னொரு காரணம், அவற்றை அட்டவணைக்குள் கொண்டுவர.

மேல்நிலை வகுப்புகளில் நிலைமை வேறு. பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு, பன்னிரண்டுக்குப் பொதுத்தேர்வு. நடுவில் பதினொன்றாம் வகுப்பு ஒன்றுதான் கொஞ்சம் மூச்சு விடும் ஆண்டாக இருந்தது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றின் பாடத்தையே நடத்தாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை உருவேற்றியதால், 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. நோக்கம் சரியானதே. ஆனால் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொதுத்தேர்வு என்றானதும், காலையும் மாலையும் ஸ்பெஷல் கிளாஸ் மூன்று ஆண்டுகளுக்கும் நீண்டது. என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஏழு நாள் பிள்ளைகளை அனுப்பவே பள்ளிகள் யோசித்தன.

2025 ஆகஸ்ட் 8இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025–26 முதல் இல்லை என்று அரசு அறிவித்தது. அதாவது ஓர் ஆண்டு திரும்பக் கிடைத்திருக்கிறது. அதைப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடமும் நீட் பயிற்சியும் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பே அதிகம், யாரும் தடுக்காவிட்டால்.

தடுக்கப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வாரத்தில் ஒரு பாடவேளை, எல்லா வகுப்புகளுக்கும் ஒரே நேரத்தில், அட்டவணையில் ‘மன்றம்’ என்று எழுதி, பக்கத்தில் பொறுப்பாசிரியரின் பெயரும் இருக்க வேண்டும். பத்து மன்றங்கள் வேண்டாம், அந்தப் பள்ளியில் யாருக்கு எது தெரியுமோ அதை வைத்து மூன்றோ நான்கோ போதும். அந்தப் பாடவேளை ஆசிரியரின் பணி நேரக் கணக்கில் சேர வேண்டும். பகுதிநேர ஆசிரியர் வரும் அரை நாளில் அது விழுமாறு பார்த்துக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கழிவறை, குடிநீர் பற்றிக் கேட்கும்போது, போன மாதம் மன்றம் எத்தனை முறை கூடியது என்றும் ஒரு பெற்றோர் கேட்கலாம். பதிவேட்டைக் காட்டினால் போதாது, பிள்ளையிடமே கேட்டால் சரியான பதில் வந்துவிடும்.